பார்த்தால் இரண்டு, தொட்டால் மூன்று

சிங்கத்தின் பின்னங்கால்களைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. அவை மடங்கி, தொடையோடு ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒழுங்காக இருந்தன. சிக்கல் முன்னங்காலில். இடப்பக்கம் நின்று பார்த்தால் முன்னங்கால் இரண்டு. வலப்பக்கம் போய்ப் பார்த்தாலும் இரண்டு. நேர் எதிரே நின்றாலும் இரண்டுதான். கையால் தொட்டு எண்ணினால் மட்டும் மூன்று வந்தது.

தொட்டு எண்ணியவர் கும்லிஸ் ஐயா. பளிங்குச் சிங்கம் அவருடையது, ஏரிக்கரையில் அவருக்காக எழும்பிக்கொண்டிருக்கும் கல்லறை மண்மேட்டின் வாசலில் உட்கார்வதற்காக அவரே சொல்லி வைத்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டதால் அவர் எதையும் தடவித்தான் தெரிந்துகொள்வார். அன்று மகள் அப்பியாவின் தோளைப் பிடித்தபடி பட்டறைக்கு வந்து, சிங்கத்தின் மூக்கைத் தடவினார், பிடரியைத் தடவினார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குனிந்து கால்களுக்கு நடுவே கையை விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"ஏம்ப்பா சரோவாஸ், இதுக்கு எத்தனை கால் வெச்சிருக்கீங்க?"

"நாலுதான் ஐயா."

"எனக்கு அஞ்சு வருதே."

வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் நானும் குனிந்து கையை விட்டேன். முன்னால் இடக்கால். அதன் பக்கத்தில் வலக்கால். இரண்டுக்கும் பின்னால், நெஞ்சுக்கு நேர் கீழே, குளிர்ச்சியாக இன்னொன்று. அதற்கு நகம்கூட இருந்தது.

சார்டிஸ் நகரில் பக்டோலோஸ் ஓடைக்கரைப் பட்டறை என்னுடையது. என்னிடம் இரண்டு நல்ல கல்தச்சர்கள்: காரோஸ், திம்லேஸ். காரோஸின் தங்கையைத்தான் திம்லேஸ் கட்டியிருக்கிறான். கல்யாணத்தன்று தாயம் ஆடியதில் யார் கட்டையை விரலால் திருப்பினார்கள் என்ற விவகாரம் இன்னும் முடியாததால், இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே கல்லில் வேலை செய்தாலும் காரோஸ் இடப்பக்கத்தை விட்டு நகரமாட்டான், திம்லேஸ் வலப்பக்கத்தை விட்டு நகரமாட்டான். முகம் என் வேலை. ஆகவே நான் எப்போதும் முன்னால்.

இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். காரோஸ் தன் பக்கத்திலிருந்தே எண்ணினான். "என் பக்கம் ரெண்டுதான். மிச்சம் எதாவது இருந்தா உங்க வலப்பக்கத்து ஆளைக் கேளுங்க."

திம்லேஸும் எண்ணினான். "என் பக்கமும் ரெண்டு. அவன் தாயத்துல எண்ணின லட்சணம்தான் எனக்குத் தெரியுமே."

அப்பியா தன் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து, கால் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டாள். பின்னங்கால்களையும் சேர்த்து ஐந்து முடிச்சு. காரோஸ் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, இதில் ஐந்து நூல் இருக்கிறது என்பதுதான் தெரிகிறது, கால் ஐந்து என்று எங்கே தெரிகிறது என்று கேட்டான். அவன் அதை விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சாரத்தின் மூலைக் கம்பத்தைப் பிடுங்கி, தண்ணீர்ச் சாடியை நகர்த்தி, அந்த இடத்தில் போய் நின்றேன். மூலையிலிருந்து பார்த்தால் மூன்று முன்னங்கால்களும் பட்டப்பகலாய்த் தெரிந்தன. அத்தனை நாள் அந்த மூலையில் யாரும் நின்றதில்லை. அது சாடியின் இடம்.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் பளிங்கில் ஒரு மிருகம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். மலையிடுக்கிலிருந்து வரும் கல் நீண்ட சதுரப் பெட்டி மாதிரி இருக்கும். அதன் பக்கங்களில் காவியால் படம் வரைவோம். இடமுகத்தில் சிங்கத்தின் இடப்பக்கம், வலமுகத்தில் வலப்பக்கம், முன்னால் முன்பக்கம். பிறகு அவரவர் தன் படத்துக்கு வெளியே உள்ள கல்லைக் கூருளியால் கொத்திக்கொண்டு நேராக உள்ளே போகவேண்டும். கூருளியைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தினால் கல்லுக்குள் அடிபட்டு வெள்ளைப் புள்ளி விழும். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. அதனால் உடம்புக்கு அருகே வர வர உளியைச் சாய்த்துக்கொள்வோம். அதன்பின் கடற்கரைக் கிரேக்கர்களிடமிருந்து வந்த பல் உளி. அது உழுத வயல் மாதிரி வரிவரியாகக் கல்லைச் சீவும். அந்த வரிகளைப் பட்டை உளியால் எடுத்துவிட்டு, கடைசியில் குருந்தப்பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்போம். மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து உள்ளே போய்ச் சந்திக்கும் இடத்தில் சிங்கம் இருக்கும். இருக்கவேண்டும்.

பக்கவாட்டுப் படத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய மாட்டோம். அதற்கென்று ஓர் அச்சுப் பலகை இருக்கிறது. பலகையைக் கல்லில் வைத்து ஓரமாகக் காவியை ஓட்டினால் போதும். எங்கள் ஊரில் கல்லறைச் சிங்கம் எப்போதும் ஜோடியாகத்தான் போகும், வாசலுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. போகிறவனுக்குப் பக்கத்தில் உள்ள காலை அது முன்னால் வைத்திருக்க வேண்டும். தூரத்துக் காலை முன்னால் வைத்த மிருகம் நம்மை விட்டுத் திரும்பிப் போகிற மிருகம். அதைக் காவலுக்கு வைக்க யாரும் ஒப்பமாட்டார்கள். ஆகவே பலகையில் பக்கத்துக் கால் முன்னே, தூரத்துக் கால் அரையடி பின்னே. இடப்புறச் சிங்கத்துக்குப் பலகையின் ஒரு பக்கம், வலப்புறச் சிங்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டு மறுபக்கம். எங்கள் ஊர்க் கல்தச்சன் தூக்கத்திலும் செய்யும் வேலை இது.

கும்லிஸ் ஐயா ஒரே ஒரு சிங்கம்தான் கேட்டார். இரண்டு வைத்தால் அவை தம்முள் சண்டை போடும், தான் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவன் என்றார். ஒற்றைச் சிங்கத்தை வாசலுக்கு நேரே நடுவில் வைப்பதாக முடிவாயிற்று. பிணத்தோடு வருகிறவர்கள் அதன் இடப்பக்கமாக உள்ளே போவார்கள், வலப்பக்கமாகத் திரும்பி வருவார்கள். இரண்டு பக்கமும் பார்வைக்கு வரும். சரி என்று காரோஸ் தன் பக்கத்துக் கல்லில் பலகையை வைத்துக் காவி ஓட்டினான். திம்லேஸ் அதே பலகையை வாங்கித் திருப்பிப் போட்டுத் தன் பக்கத்தில் ஓட்டினான். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது பாருங்கள். காரோஸ் தன் பக்கத்து இடக்காலை முன்னால் செதுக்கினான். பின்னால் தெரியவேண்டிய தூரத்துக் காலை, அது திம்லேஸின் வலக்கால் என்று நம்பிக்கொண்டு, கல்லின் நடுவில் விட்டுவைத்தான். திம்லேஸ் தன் வலக்காலை முன்னால் செதுக்கினான். பின்னால் உள்ளது காரோஸின் இடக்கால் என்று அவனும் நம்பினான். இருவரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து அந்த உள்காலை அழகாகச் செய்து முடித்தார்கள். இருவருமே அது மச்சானுடையது என்று நினைத்தார்கள். எதிரே இருந்த எனக்கு முன்கால் இரண்டுக்கும் நடுவே கை மட்டும் நுழையும் இடைவெளி, அதற்குள் இருட்டு. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு முன்கால் மற்றதை மறைத்தது, உள்கால் இரண்டாவதாகத் தெரிந்தது. ஒவ்வொருவர் கணக்கும் சரி. கூட்டினால்தான் தப்பு.

இதை இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். ஆக, அந்தக் கால் அவனுடையதுதான் என்று இருவரும் சொன்னார்கள்.

உள்காலை வெட்டி எடுத்துவிடலாமே என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சிங்கத்துக்குத் தலை பெரிது. பிடரியோடு சேர்த்து, அது முன்னால் சரிந்து நிற்கிறது. அந்த எடையை வாங்கிக்கொண்டிருப்பது நெஞ்சுக்கு நேர் கீழே உள்ள அந்தக் கால். போதாததற்கு, இடது முன்காலின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். மற்ற கால்கள் மணி மாதிரி ஒலித்தன, அது மட்டும் மரக்கதவு மாதிரி ஒலித்தது. உள்காலை எடுத்தால், வண்டியில் ஏற்றும்போதே சிங்கம் குப்புற விழும்.

முன்கால் ஒன்றை எடுக்கலாம் என்றால் யாருடையதை? எடுத்த பக்கத்தில் பக்கத்துக் கால் முன்னால் இருக்காது. சிங்கம் அந்தப் பக்கத்தை விட்டுத் திரும்பிப் போகும். துக்கத்துக்கு வந்தவர்கள் போகும்போது காவல் இருக்கும், திரும்பும்போது இருக்காது. நொண்டி என்ற பெயர் வேறு.

காரோஸ் ஒரு யோசனை சொன்னான். வேகமாகப் போகிற மிருகத்துக்குக் கால் அதிகமாகத் தெரிவது இயல்புதானே, அப்படிச் சொல்லிவிடலாம் என்றான். சிங்கம் உட்கார்ந்திருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன்.

"அப்ப, வேகமா உட்கார்ற சிங்கம்னு சொல்லுங்க."

குவாவா தேவி கோயில் பூசாரியையும் கேட்டுப் பார்த்தோம். தேவிக்குச் செய்வதானால் ஆறு கால் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, மனிதனுக்கு நான்குக்கு மேல் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவருக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். போகும்போது எங்கள் கழுதையின் கால்களை நின்று எண்ணிவிட்டுப் போனார்.

கும்லிஸ் ஐயாவுக்கு அவசரம். கூரையில் காயப்போடும் அத்திப்பழம் உலர்வதற்குள் அவர் போய்விடுவார் என்று குறிசொல்கிறவன் ஒருவன் சொல்லியிருந்தான். ஐயா அதை ஊர்ச்செய்தி மாதிரி சர்வசாதாரணமாக ஏற்றுக்கொண்டு, குதிரைகளைக் கொடுத்துவிட்டார், வேட்டை நாய்களைக் கொடுத்துவிட்டார், தன் கட்டிலையும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். கட்டில் இல்லாததால் மத்தியானத் தூக்கத்துக்கு எங்கள் பட்டறைக்கு வருவார். கல்லறைக்குள் அவரைப் படுக்கவைக்க வேண்டிய பளிங்குப் படுக்கை அங்கேதான் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஏறிப் படுத்து, தலைமாட்டில் இன்னும் கொஞ்சம் பள்ளம் வேண்டும், இடுப்புக்கடியில் மேடாக இருக்கிறது என்று குறை சொல்வார். அவர் எழுந்து போனதும் அந்த இடத்தைத் தேய்ப்போம். அத்தனை சுகமான கல்லறைப் படுக்கை சார்டிஸில் யாருக்கும் வாய்த்திருக்காது.

கால் விவகாரம் தெரிந்தபின் ஐயாவுக்கு அதில் தூக்கம் வரவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார். நான் படுக்கையின் காலடியில் உட்கார்ந்து, அஞ்சுகால் சிங்கம் அப்படி என்ன கெட்டது, காவலுக்கு ஒரு கால் அதிகம்தானே என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"நாலு கால் இருந்தா மிருகம் உட்காரும்ப்பா. அஞ்சாவது கால் எதுக்கு? எழுந்து போறதுக்கு."

"கல்லுங்க ஐயா. எங்க போகப் போகுது?"

"கல்லுதான் அங்க என்னைப் பாத்துக்கப் போகுதுன்னு நீதானே சொன்ன. பாத்துக்கத் தெரிஞ்சதுக்குப் போகத் தெரியாதா?" படுக்கையின் விளிம்பைத் தடவினார். "இருட்டு எனக்குப் பழக்கம்தான். கண்ணு போனதுலேர்ந்து இருட்டுலதான் கெடக்கேன். ஆனா கையை நீட்டினா அப்பியா இருப்பா. அந்த மேட்டுக்குள்ள கையை நீட்டினா சுவருதான் இருக்கும். வாசல்ல ஒண்ணு போகாம உட்கார்ந்திருக்குன்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

படுக்கையின் இடுப்பு மேட்டைத் தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அதன்பின் எனக்கு எதைப் பார்த்தாலும் கால் எண்ணும் வியாதி வந்தது. காலையில் கழுதையை எண்ணுவேன். ஓடையில் தண்ணீர் குடிக்கும் ஆடுகளை எண்ணுவேன். வீட்டில் முக்காலியைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. மூன்று கால் இருந்தும் அதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அத்தி பழுத்துவிட்டது. பட்டறைக்கு எதிர்வீட்டுக் கூரையில் பாய் விரித்துப் பழத்தைப் பிளந்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பியா தினமும் அந்தக் கூரையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அப்பாவிடம் மட்டும் இந்த வருஷம் அத்தி தாமதம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அன்று அவள் எங்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பிய்த்துப் போட்ட இறைச்சிக் குழம்பு கொண்டுவந்தாள். குழம்புக்கு அடித்த மாட்டின் முன்னங்கால் ஒன்று, குளம்போடு, பட்டறை நாய்க்குப் போயிற்று. நாய் அதை இழுத்துக்கொண்டு போய்ச் சிங்கத்தின் நிழலில் உட்கார்ந்தது. இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு மேல்முனையைக் கடிக்க ஆரம்பித்தது. நான் குழம்பைத் தொட்டுக்கொண்டே வழக்கம்போல எண்ணினேன். முன்னால் இரண்டு. நடுவில் ஒன்று. பின்னால் இரண்டு.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"திம்லேஸ், இந்த நாய்க்கு எத்தனை கால்?"

"நாலு."

"நடுவுல இருக்கறது?"

"அது நாயோட கால் இல்லையே. அது சாப்பாடு."

சொல்லிவிட்டு அவன் சிங்கத்தைப் பார்த்தான். காரோஸும் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் கூருளிக்குக் கையை நீட்டினார்கள். சாப்பிட்டு முடிக்கச் சொன்னேன்.

கல்லில் எதையும் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். அதனால் எங்கள் தொழிலில் கேட்கவேண்டிய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எனக்கு வேண்டியது, ஏற்கெனவே இருப்பதற்குள் அடங்குமா? சிங்கத்தின் பாதம் அகலம். மாட்டுக்குளம்பு அதைவிடக் குறுகல். பாதத்துக்குள் குளம்பு அடங்கும். இதுவே மறுபக்கமாக, குளம்பிலிருந்து பாதம் எடுக்கவேண்டி வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மாட்டுக்குளம்பு இரண்டாகப் பிளந்தது அல்லவா? ஒரு பாதி இடப்பக்கம், ஒரு பாதி வலப்பக்கம். ஆகவே ஆளுக்குப் பாதி. வில் துளைப்பானால் பிளவின் அடியில் ஒரு துளை போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து இருவரும் பட்டை உளியால் தத்தம் பாதியை வளைத்துக்கொண்டு போனார்கள். நகங்களை எடுத்தார்கள், விரல் புடைப்புகளைச் சீவினார்கள். எடை தாங்கவேண்டும் என்பதால் காலின் கனத்தில் கைவைக்க விடவில்லை. கணுவுக்குக் கீழே ஒரு வளைவு, முட்டியில் ஒரு வரி, அதோடு சரி. வேலை பாதியில் இருக்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக, காரோஸ் உள்காலைத் தாண்டி நேராகப் பேசினான்.

"மச்சான், உன் பாதி பெருசா இருக்கு."

"உன் பாதியை நீ ரொம்ப எடுத்துட்ட மச்சான். அன்னைக்கும் அப்படித்தான், அவசரக் கை."

அதற்கப்புறம் சாயங்காலம் வரை தாயக்கட்டையைப் பற்றித்தான் பேச்சு. சண்டைதான், ஆனால் நேரடியாக. குளம்பின் இரண்டு பாதியும் கடைசியில் ஒரே அளவாக வந்தன.

குருந்தப்பொடி போட்டுத் தேய்த்து, பிடரிக்குச் சிவப்பும் குளம்புக்குக் கறுப்பும் பூசிக் காயவிட்டு, ஐயாவை வரச் சொன்னோம். அப்பியா அவர் கையைப் பிடித்துச் சிங்கத்தின் நெஞ்சில் வைத்தாள். அவர் முதலில் பின்னங்கால்களைத் தொட்டார். ஒன்று, இரண்டு. முன்னால் வந்து இடக்கால், வலக்கால். நான்கு. கை உள்ளே போயிற்று. குளம்பில் விரல் நின்றது. பிளவைத் தடவியது.

"இது சிங்கத்தோடது இல்லையே."

"இல்லைங்க ஐயா. மாட்டோடது. சிங்கம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

அவர் யோசித்தார். கை குளம்பை விட்டு வரவில்லை.

"தின்னு முடிச்சதும் எழுந்து போயிடாதா?"

"பளிங்குங்க ஐயா. தின்னு முடிக்கவே முடியாது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, படுக்கையில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அப்பியா எதிர்க்கூரையைப் பார்க்காமல் அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இனி யாருக்காவது ஒற்றைச் சிங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே பலகையைப் போட்டு இப்படி ஆகிவிட்டால், எந்தக் காலையும் வெட்டவேண்டாம். உள்காலை அப்படியே விட்டு, நெஞ்சின் எடையை அது தாங்கட்டும். அதன் பாதத்தை மட்டும் மாட்டுக்குளம்பாகச் செதுக்கிவிட வேண்டும். சிங்கத்துக்கு நான்கு கால். ஐந்தாவது அதன் சாப்பாடு.